பெட்டிக்காரி வாங்கிய பெட்டி

பெட்டிக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது டெலிபோனில். என் கடைசி நாத்தனார் கூப்பிட்டு, "அண்ணி, நம்ம பையனுக்குப் பொண்ணு அமைஞ்சாச்சு. பொண்ணு பெட்டிக்காரி" என்றாள்.

"பெட்டிக்கடையா? எந்தப் பக்கம் போட்டிருக்கா?"

"கடை இல்ல அண்ணி, பெட்டி."

"சூட்கேஸ் விக்கிறாளா?"

"ஐயோ, தோள்ல மாட்டிக்கிட்டு இழுத்து இழுத்து வாசிப்பாங்களே, அக்கார்டியன், அது. அதை ரிப்பேர் பண்றவ. அந்தத் தொழில்ல இருக்கிறவங்க அதைப் பெட்டின்னுதான் சொல்வாங்களாம். அதைப் போட்டு வைக்கிற பெட்டிக்குக் கூடுன்னு பேராம்."

"பெட்டியை வைக்கிறது கூடு. அப்ப பொண்ணை வைக்கிறதுக்கு?"

"அதான் வாடகைக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் நாத்தனார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

பையன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பிறந்தபோது அவன் அப்பா வெளியூரில் இருந்தார், அதனால் தொட்டிலுக்குக் கொக்கி அடித்ததே என் வீட்டுக்காரர்தான். அந்த உரிமையில் அவன் கல்யாணக் கதை முழுவதும் எனக்குத் தெரியும். ஒரு துணிக்கடையில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஆறேழு பேர். ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. இவன் மேல்தளத்தில் கதவை நெம்பிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து பாட்டுச் சத்தம் வந்ததாம். திறந்து பார்த்தால் ஒரு பெண் ரிப்பேருக்கு எடுத்துப்போன பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறாள், குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதன் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருக்கிறது. "சீக்கிரம் ஏறி வாங்க" என்றானாம். "இந்தப் பாட்டு முடியட்டும்" என்றாளாம். அவளை அந்த ஒரு பேச்சிலேயே புரிந்துகொள்ளலாம். எது நடந்தாலும் கையில் எடுத்ததை முடிக்காமல் எழுந்திருக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அதற்கு முன்னால் அவள் தையல் மெஷின் ரிப்பேர்க் கடையில் இருந்தவள். யாரோ ஒருவர் விரல் வைக்கிற கட்டை அமுங்கிப்போன ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, இதையும் பாருங்களேன் என்று வைத்துவிட்டுப் போக, அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. பார்த்துப் பார்த்துப் பழகினாள். காது நல்ல காது. ரிப்பேர் செய்தால் வாசித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அப்படியே வாசிக்கவும் வந்துவிட்டது. ஆனால் சொந்தமாக ஒரு பெட்டி கிடையாது. அடுத்தவர் பெட்டியைச் சரிசெய்து, இரண்டு பாட்டு வாசித்து, துடைத்துக் கொடுத்துவிடுவாள். தையற்காரி ஊருக்கெல்லாம் தைத்துவிட்டுத் தான் கிழிந்ததைப் போட்டுக்கொள்வாளே, அந்த மாதிரி.

பெரிய ஹோட்டல் ஒன்றின் ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு குழு வாசிக்கும். குழுவின் தலைவர் டிரம் அடிப்பவர், வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே தொப்பி. இவள் வாசிப்பைக் கேட்டு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"சொந்தப் பெட்டி இருந்தா வா. இரவல் பெட்டியோட மேடை ஏத்த மாட்டேன். ஒரு தடவை பட்டாச்சு. பாதிப் பாட்டுல சொந்தக்காரன் மேடைக்கு வந்து ஆள் தோள்ல இருந்து கழட்டிக்கிட்டுப் போயிட்டான். ஜனங்க அதையும் நிகழ்ச்சின்னு நினைச்சுக் கை தட்டினாங்க."

இவளுக்கு அந்த இடம் வேண்டும். ஆசைக்காக மட்டும் இல்லை. மாதாமாதம் நிச்சயமாக வருகிற சம்பளம் அது. ரிப்பேர் வேலை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. புதுப் பெட்டி விலையோ நினைத்துப் பார்க்க முடியாதது. தொப்பி இரண்டு மாதம் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார், அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னார்.

நான் முதல் கண் ஆபரேஷனுக்காக நாத்தனார் வீட்டில் போய்த் தங்கியது அப்போதுதான். கல்யாணமாகி வந்திருந்த பெட்டிக்காரி, மாமியாரையும் என்னையும் சேர்த்தே அத்தை என்று கூப்பிடுவாள். அவள் சமையல்கட்டிலிருந்து "அத்தை" என்றால் இரண்டு பேரும் "என்னம்மா" என்போம். இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைக் கண்ணத்தை ஆக்கிவிட்டாள். இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

நான் கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் அவளுக்கு ஒரு டெலிபோன் வந்தது. பேசியது தபால்காரரின் வீட்டம்மா. தபால்காரர் என்பவர் அவளுடைய பழைய வாடிக்கை. ரிட்டையர் ஆனவர். வருஷத்துக்கு ஒருமுறை தன் பெட்டியைக் கொண்டுவந்து சுதி பார்த்துக்கொண்டு போவார். கறுப்புப் பெட்டி. அதைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் இவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது என்று லிஃப்ட்காரன் கேலி செய்வான். கடைசி இரண்டு வருஷமாக அவர் வரவில்லை.

"அவர் போயிட்டாருங்க. மாசம் ஒண்ணாகப்போகுது" என்றாராம் வீட்டம்மா. "பரண்ல அந்தப் பெட்டி இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. உங்க தொழிலுக்கு உபயோகப்படும்னா வந்து எடுத்துக்கங்க. ஏதோ உங்களுக்குத் தோணினதைக் கொடுங்க."

பெட்டிக்காரி போனை வைத்த கையோடு செருப்பைத் தேடினாள். புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். போய்வந்த கதையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

இவள் கேட்டிருக்கிறாள். "பெட்டிக்கு என்னம்மா எதிர்பார்க்கறீங்க?"

"நான் என்னத்தைக் கண்டேன். பழசு. ஒரு பூட்டு வேலை செய்யாது. சாவியை அவர் எங்க வச்சாரோ. உள்ள துணி நைஞ்சுபோயிருந்தாலும் போயிருக்கும்."

"துணி நான் மாத்திக்குவேன். வார் எப்படி?"

"வார் மட்டும் நல்லாருக்கும். அவர் தச்சுப் போட்டது."

அப்புறம் வீட்டம்மா ஒரு விலை சொன்னார். நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம், அவ்வளவுதான். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பெட்டிக்கா இந்த விலை?"

"ஜாஸ்தின்னா குறைச்சுக் கொடுங்க" என்றார் வீட்டம்மா.

இவள் மேலே பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டாள். லிஃப்ட்காரன் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து இறக்கும்போது, "என்னம்மா, உள்ள கல்லு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டானாம். "அந்தக் காலத்து மரம் தம்பி, அப்படித்தான் கனக்கும்" என்றாராம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்து, மெல்லிய திருப்புளியால் பூட்டை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் ஒரு பூச்சி உருண்டை வாசனை. உள்ளே கறுப்பாக, பளபளவென்று, கட்டையெல்லாம் வரிசை குலையாமல் இருந்தது. தோளில் மாட்டி ஒரே இழுப்பு இழுத்தாள். எனக்குத் திறந்திருந்தது ஒரு கண்தான். அவள் முகத்துச் சந்தோஷத்தைப் பார்க்க அந்த ஒரு கண்ணே போதுமாக இருந்தது.

நாத்தனாருக்கு மட்டும் முகம் சரியில்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"இது நிஜமா எவ்வளவு பெறும்?"

பெட்டிக்காரி சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த கீரையைக் கீழே போட்டாள்.

"விலை தெரியாதவகிட்ட விலை கேட்டு வாங்கினா அது வாங்கறதா, எடுக்கறதா?"

"அம்மா, சந்தையில தக்காளி மலிவாக் கிடைச்சா திருப்பிக் கொடுத்துட்டா வருவ?" என்றான் மகன்.

அவனுக்குப் பதில் சொன்னது அவன் பெண்டாட்டி. "தக்காளிக்காரன் செத்துப்போன புருஷனோட தக்காளியை விக்கலை. நீங்க சும்மா இருங்க. அத்தை கேக்கறது நியாயம்தான்."

"அப்ப ஏன்டி கொண்டுவந்தே?"

"நான் கொண்டுவரலைன்னா வேற யாராவது கொண்டுபோவாங்க. அவங்க இதே விலையைக் கொடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எனக்கு ஹால்ல சம்பளம் வர ஆரம்பிச்சதும் மிச்ச விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோய்க் கொடுத்துருவேன்."

"எடுக்கிற எல்லாரும் அடுத்தவன் என்னைவிட மோசம்னுதான் சொல்வாங்க" என்றாள் நாத்தனார். "இன்னொண்ணு கேக்கறேன். அங்க வச்சுத் திறந்து பாக்காம வந்திருக்கியே, அது மரியாதையா, பயமா?"

"திறந்து பாத்தா குறை கண்டுபிடிச்சு விலையைக் குறைக்கிற மாதிரி இருக்குமேன்னு நினைச்சேன். திறந்தா அவங்க மனசு மாறிடுமோன்னும் நினைச்சேன். ரெண்டும்தான் அத்தை."

மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "கண்ணத்தை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு கண்ணும் சரியாகட்டும், சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

அந்த வாரமே தொப்பி அவளைச் சேர்த்துக்கொண்டார். நான் ஊர் திரும்பினேன்.

இரண்டாவது கண்ணுக்கு நான் திரும்பி வந்தபோது மாதங்கள் பல ஓடியிருந்தன. வீட்டில் புது ஃபேன் ஓடியது. பெட்டிக்காரி ஹாலில் நன்றாகப் பேரெடுத்திருந்தாள், தனியாக அவளுக்கென்றே கேட்க வருகிறவர்கள் இருந்தார்கள். "தபால்காரர் வீட்டுக்குப் பணம் போச்சா?" என்று கேட்டேன். ஒருமுறை கொண்டுபோனாளாம். வீடு பூட்டியிருந்தது, மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பணம் ஃபேனாக மாறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. "அடுத்த மாசம் நிச்சயம்" என்றாள். நாத்தனார் ஃபேனை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டம்மாவே மறுபடியும் கூப்பிட்டார்.

"ரிப்பேர்க்காரம்மா, அவரோட வாத்தியத்தை விக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். வந்து ஒரு விலை சொல்லுங்க."

"எந்த வாத்தியம்மா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? அவர் வாசிச்சதுதான்."

அவருக்கு இன்னொரு பெட்டி இருந்திருக்கும் போல, நமக்குத்தான் தெரியவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள். என்னையும் வாங்க என்றாள். வயதான பொம்பளை ஒருத்தி கூட இருந்தால் வீட்டம்மாவுக்குப் பேச்சுத்துணையாக இருக்குமாம். எனக்கு ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாள்தான். ஆனாலும் போனேன். இந்த மாதிரி இடத்துக்குப் போகாமல் இருக்க எனக்குத் தெரியாது.

சின்ன வீடு. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் அவருடைய தபால்காரத் தொப்பி. சாமான் பாதி மூட்டை கட்டியிருந்தது. வீட்டம்மா மகளோடு போய் இருக்கப்போகிறார். மகள் வீட்டில் இருப்பது ஒரு கூடமும் ஒரு அறையும். "கூடத்துல பாய் போட்டுப் படுக்க என்னால ஆகாது. மாப்பிள்ளை எழுந்து வேலைக்குப் போகும்போது நான் காலை மடக்கிக்கணும்" என்றார். மொட்டைமாடியில் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொள்ளப் போகிறார். அதற்குத்தான் வாத்தியத்தை விற்பது. "நான் போயிட்டாலும் இந்த வாத்தியம் உன்னை நடுத்தெருவுல விடாதுன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பார். அவர் வாசிக்க ஆரம்பிச்சா நான் சமையல்கட்டுக் கதவைச் சாத்திடுவேன், எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஆனா அந்தப் பேச்சு மட்டும் காதுல இருக்கு."

வீட்டம்மாவின் தம்பி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த அறைக்கான படம். எடுத்த எடுப்பிலேயே, "குறைச்சுச் சொல்லிடாதீங்க மேடம், நாங்க நாலு இடத்துல விசாரிப்போம்" என்றார்.

வீட்டம்மா அலமாரியைத் திறந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து கட்டிலில் வைத்தார். பிரித்தார்.

கறுப்புதான். ஆனால் கைக்கடக்கம். பிள்ளைகள் பழகுகிற பெட்டி. இரண்டு கட்டை பல் விழுந்த மாதிரிக் காணாமல் போயிருந்தது. துருத்தியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கடைசிக் காலத்தில் பெரிய பெட்டியின் கனத்தை அவருடைய தோள் தாங்கவில்லை. அதைக் கூட்டில் வைத்துப் பூட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, சும்மா விரல் ஓடட்டும் என்று இதை வைத்து வாசித்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்ட வீட்டம்மாவுக்கு எது எந்தப் பெட்டி என்று எப்படித் தெரியும்? அவருக்கு வாத்தியம் என்றால் ஒன்றுதான், அது அலமாரியில் இருக்கிறது. பரணில் இருந்தது வெறும் பெட்டி.

வெறும் பெட்டி! பெட்டிக்காரியின் கை அந்தக் கட்டைகளின்மேல் அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் மெல்ல மெல்ல விளங்கியது. பூட்டு, சாவி, உள்துணி, வார் என்று அன்றைக்கு அந்த அம்மா சொன்னதெல்லாம் வாத்தியம் வைக்கிற பெட்டியைப் பற்றி. இவள் கேட்டதெல்லாம் வாத்தியத்தைப் பற்றி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வியாபாரம் பேசியிருக்கிறார்கள்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் தம்பி.

"இது பழகுற பெட்டி சார். இதுக்கு விலைன்னு பெரிசா ஒண்ணும் வராது."

"பாத்தியாக்கா! நான் சொன்னேன்ல, இப்படித்தான் ஆரம்பிப்பாங்கன்னு."

"நாலு இடத்துல விசாரிங்க. எல்லாரும் இதையேதான் சொல்வாங்க."

அது உண்மை. அத்தோடு அவள் எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, அவர்கள் எங்கே போய் விசாரித்தாலும் அவள் சொன்னதுதான் சரி என்று வந்திருக்கும். சனிக்கிழமை ஹால், சம்பளம், அவளுக்கென்று வருகிற கூட்டம் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டம்மா படுக்கை விரிப்பை மறுபடியும் மூடப்போனார். மூடிக்கொண்டே தனக்குத்தானே பேசுவதுபோல, "அப்ப அவர் பொய்தான் சொல்லியிருக்கார், இல்ல? நான் கவலைப்படக் கூடாதுன்னு இத்தனை வருஷமா என்கிட்டப் பொய் சொல்லியிருக்கார்" என்றார்.

"இல்லம்மா" என்றாள் பெட்டிக்காரி. சத்தமாகவே சொன்னாள். "அவர் பொய் சொல்லல. அவர் சொன்ன வாத்தியம் என் வீட்டுல இருக்கு."

தம்பி மடியிலிருந்த படம் கீழே விழுந்தது.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பரணிலிருந்து இறக்கியதில் உள்ளே வாத்தியம் இருந்தது, எங்கள் தொழிலில் அதைத்தான் பெட்டி என்போம், நான் வாங்கியது அதைத்தான், விலை மலிவு என்று தெரிந்தேதான் வாங்கினேன், மீதியைக் கொடுக்க நினைத்தேன், இன்னும் கொடுக்கவில்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "நாளைக்குக் கொண்டுவந்துடறேன்" என்றாள்.

தம்பி எழுந்து நின்றுவிட்டார். "இது பச்சைத் திருட்டு! போலீஸ்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க சார். அதுக்கு முன்னாடி பெட்டியை உங்க கையில கொடுத்துடறேன். போலீஸ்கிட்டப் போனா வழக்கு முடியற வரைக்கும் அதை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிடுவாங்க, அக்காவுக்கு மாடி கட்ட முடியாது."

வீட்டம்மா இரண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார். "நான் பெட்டியைத்தானே வித்தேன்?" என்றார்.

"ஆமாம்மா. பெட்டியைத்தான் வித்தீங்க."

"நீயும் பெட்டியைத்தானே வாங்கினே?"

"பெட்டியைத்தான் வாங்கினேன்."

"அப்புறம் எப்படி?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் போட்ட கட்டு அதிர்ந்து வலித்தது, ஆனாலும் நிற்கவில்லை. வீட்டம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அவர் பொய் சொல்லல" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். தம்பிதான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் சொன்னபடியே கொண்டுபோனாள். லிஃப்ட்காரனுக்கு வருத்தம்தான், ஆனால் அவனேதான் சுமந்து போனான். தொப்பிக்குச் சேதி போனது. அவர் தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் தொப்பியில் அடித்துக்கொண்டாராம். "மறுபடியும் சொந்தக்காரங்க வந்து கழட்டிக்கிட்டுப் போயாச்சா? நான் எத்தனை தடவைதான்மா பாக்கிறது?" அந்த இடத்தில் கிளாரினெட் வாசிக்கிற ஒருத்தனைப் போட்டார்.

விலை மதிப்பை இவள் தானே சொல்லவில்லை. "வாங்க ஆசைப்பட்டவ நான். நான் சொல்ற விலை சுத்தமா இருக்காது" என்று வேறு ஒரு ரிப்பேர்க்காரரை அழைத்து வந்தாள். அவர் சொன்ன விலை இவள் முன்னே மாமியாரிடம் சொன்னதைவிட ஒரு படி மேலே. அந்த விலைக்கு ஆள் தேடியதும் இவள்தான். வேறு ஊர்க் குழுவில் வாசிக்கிற ஒரு பருத்த மனிதர் வந்தார். வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவள் பேரம் பேசியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டை ஒவ்வொன்றையும் அமுக்கி, உள்ளே சத்தம் எழுப்புகிற ரீட் தகடு பேசுவதைக் காட்டினாள். வாங்க வந்தவர் குறை சொல்ல வாயைத் திறக்குமுன்பே அந்தக் குறையை இவளே சொல்லி, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சொல்லி, மனிதரை வாயடைத்துவிட்டாள். கடைசியில் அவர் முழு விலையையும் ஒத்துக்கொண்டார். தம்பி பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக இவளைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பருத்தவர் பெட்டியைக் கூட்டுக்குள் வைக்கப் போனார். பெட்டிக்காரி கூட்டின்மேல் கையை வைத்தாள்.

"இது என்னோடது."

"என்னது?"

"இந்தக் கூடு. இதை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கேன். அம்மா சொன்ன பொருள், அம்மா கேட்ட விலை."

தம்பிக்குப் பழையபடி கோபம் வந்துவிட்டது. "இதென்ன விளையாட்டு! வாத்தியத்தோட சேர்ந்ததுதானே அது?"

"நீ பேசாம இருடா" என்றார் வீட்டம்மா. "அவ சொல்றது சரி. பெட்டியை நான் அவளுக்கு வித்துட்டேன். அன்னிக்கே சொன்னேன், பூட்டு வேலை செய்யாதுன்னு."

பருத்தவர் முழித்தார். அவ்வளவு விலை கொடுத்த பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா? "சரிம்மா, கூட்டுக்கு என்ன வேணும், சொல்லு."

"உங்ககிட்ட இப்ப இருக்கிற பழைய பெட்டி வேணும்."

"என்னது, ஒரு வெறும் கூட்டுக்கு முழுப் பெட்டியா? அநியாயமா இருக்கே!"

"அதுல துருத்தி போயிருக்கு, நாலு ரீட் பேசாதுன்னு நீங்களே வாசல்ல நிக்கும்போது சொன்னீங்க. புதுசு வந்தப்புறம் அதை என்ன செய்யப் போறீங்க? வேணும்னா ஒரு வருஷத்துக்கு இந்தப் பெட்டிக்குச் சுதி பாத்துத் தர்றேன், காசு வேண்டாம்."

"ரெண்டு வருஷம்."

"ஒண்ணரை."

"இவ்வளவு நேரம் அந்தம்மாவுக்காகப் பேசினே, இப்ப உனக்காகவா?"

"ஆமாம் சார். அவர் போயிட்டார், அவர் பொருளுக்கு நான் பேரம் பேசக் கூடாது. நீங்க நல்லா உயிரோட, வாட்டசாட்டமா எதிர்ல நிக்கிறீங்க. உங்ககிட்டப் பேரம் பேச எனக்கு என்ன வெட்கம்?"

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒன்றரை வருஷத்துக்கு ஒத்துக்கொண்டார். அடுத்த வாரமே பழைய பெட்டியைப் பார்சலில் அனுப்பிவிட்டார்.

பேரம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மருமகளைப் பார்த்து, "வாசிக்க ஒண்ணும் இல்லாம ஆக்கிக்கிட்டியே" என்றாள். குரலில் சண்டை இல்லை. "வந்துடும் அத்தை" என்றாள் அவள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மருமகள் தட்டில் கேட்காமலே இரண்டாவது முறை குழம்பு விழுந்தது.

"கண்ணத்தை, ரெண்டு கண்ணும் சரியானதும் சொல்றேன்னீங்களே" என்று ஞாபகமாகப் பிடித்துக்கொண்டாள் என்னை.

"என்னத்தைச் சொல்ல? நீ கொண்டுவந்தது தப்பு, கொண்டுபோனது சரி. கூட்டைப் பிடுங்கிக்கிட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்றேன்.

அந்தப் பழைய பெட்டியைத் தேற்ற அவளுக்கு வெகு நாள் பிடித்தது. துருத்தியை முழுசாக மாற்றினாள். ரீட் கிடைக்காமல் அலைந்தாள். தபால்காரருடைய பெட்டி மாதிரி அது பேசாது, அதை அவளே சொல்வாள். கீழ்ச் சுதியில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. தொப்பி உடனே இடம் கொடுத்துவிடவில்லை. கிளாரினெட்காரன் கல்யாணம் ஆகி வெளியூர் போன பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார். அப்போதும், "இது யாரோடது? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் மேடை ஏற்றினாராம்.

வீட்டம்மாவின் மாடி அறை எழும்பிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், வெளியே துணி காயப்போட இடம். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

பெட்டிக்காரிக்கு இப்போது இரண்டு பெண்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் ஓர் அறை எடுத்து ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடியிருக்கும், மற்ற நாளெல்லாம் அங்கேதான் இருப்பாள்.